உயிரைக் காத்த காப்பீடு காலைத் தருமா?

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவிலே ஒரு தலைமையாசிரியர் பேச எழுந்தால், தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றியோ, உதவித் தொகையைப் பற்றியோ, அரசுத் தேர்வுகளைப் பற்றியோ பேசுவார் என்றே எல்லோரும் எதிர்பார்ப்பர். அவற்றைப் பேச எம்மினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் அமர்ந்திருக்கின்றனர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. மாற்றுத் திறனாளிகளுக்கு வேண்டிய செயற்கைக் கால், சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, ஊன்றுகோல் முதலிய துணைக்கருவிகளை அரசின் மருத்துவக் காப்பீடு தருகின்றதா, தராவிட்டால் அவை எவ்வழியில் கிடைக்கின்றன, நம் கழகம் இதில் செய்யத்தக்கது யாது என்பதே அப்பொருள். இதற்கும் கல்விக்கும் என்ன உறவு என்று பின்வரிசைத் தம்பிமார்கள் தம்முள் பேசிக்கொள்வது தெரிகிறது. உறவு உண்டு. அதனைப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைக் கொண்டே காட்டிவிடலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பில் நன்றாகப் படித்து வந்த மாணவி ஒருத்தி திடீரெனப் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வகுப்பாசிரியை வீடு தேடிச் சென்று விசாரித்து வந்து கூறிய செய்தி இது. கட்டட வேலைக்குச் சென்றுவந்த அவளுடைய தந்தை, மாலையில் மிதிவண்டியில் திரும்பும்போது லாரி மோதி விழுந்தார். 108 ஊர்தி வந்தது. மருத்துவமனையில் அரசின் செலவிலேயே அறுவைச் சிகிச்சை நடந்தது. வலக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. வீட்டார் ஒரு காசும் கட்ட வேண்டியிருக்கவில்லை. இக்கழகம் தோன்றிய காலத்தில் இது நடந்திருந்தால், அந்த மனிதர் பிழைத்திருப்பதே அரிது. பிழைத்திருந்தாலும் தாலி அடகுக் கடைக்கும், கறவை மாடு சந்தைக்கும் போயிருக்கும். ஆகவே காப்பீட்டைக் குறை சொல்ல வந்தோம் என்று எவரும் கருதவேண்டா. அது உயிரைக் காத்தது. அதற்கு நன்றியுடையோம்.

ஆனால் உயிரைக் காத்த கணக்கு, அவர் வீடு திரும்பிய நாளோடு முடிந்துவிட்டது. அவர் கையில் கொடுத்தனுப்பிய தாளின் கடைசி வரியில் செயற்கைக் கால் பொருத்திக்கொள்ளுமாறு ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மகள் அதனைப் படித்துப் பொருள் சொன்னாள். எங்கே பொருத்துவது, யாரிடம் கேட்பது, யார் பணம் தருவது என்பது அத்தாளில் இல்லை. அவர் திண்ணையில் முழங்காலை மடக்கியவாறே உட்கார்ந்திருந்தார். பதின்மூன்று மாதம் கழிந்து ஓர் அளவெடுப்பு முகாமுக்கு அவரை ஆட்டோவில் ஏற்றிச் சென்றபோது, முழங்கால் நேராக நீளவில்லை. இக்காலுக்கு இப்போது கருவி பொருந்தாது, சில மாதம் இயன்முறைப் பயிற்சி செய்து நீட்டிய பின்னர் வாருங்கள் என்று கூறிவிட்டனர். இதற்கிடையில் மகள் பஞ்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் திரும்பவும் ஒன்பதாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தபோது, அவளோடு படித்த பெண்கள் பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்திருந்தனர்.

ஒரு தந்தைக்குக் கால் காலத்தில் கிடைக்காமையால் ஒரு மகளின் படிப்பு ஈராண்டு பின்தங்கியது. இப்போது அந்த உறவு விளங்கும் என்று நம்புகிறோம்.

அடுத்து, காப்பீடு ஏன் காலைத் தரவில்லை என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் அரசே காப்பீட்டுத் தொகை கட்டி ஏழைக் குடும்பங்களுக்கு உயர் சிகிச்சை அளிக்கும் திட்டம் 2009-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தபின் இரண்டும் இணைக்கப்பட்டன. ஒரு குடும்பத்திற்கு ஆண்டிற்கு 5 லட்சம் ரூபாய் வரை என்ற அளவு வந்தது. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக 2022-இல் உயர்த்தப்பட்டது. விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.

இத்திட்டங்களின் அடிப்படை யாதெனில், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைதான். இன்ன அறுவைக்கு இன்ன தொகை என்று ஒரு பட்டியல் இருக்கும். மருத்துவமனைக்காரர் அதனைப் 'பேக்கேஜ்' என்பர். உடலுக்குள்ளே வைத்துத் தைக்கும் பொருள், எடுத்துக்காட்டாக எலும்பில் பொருத்தும் தகடு, இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட், அப்பட்டியலுக்குள் வந்துவிடும். ஏனெனில் அது அறுவைச் சிகிச்சையின் பகுதி. உடலுக்கு வெளியே மாட்டிக்கொள்ளும் பொருள், வீடு திரும்பிய பின் வேண்டப்படும் பொருள், அதற்குள் எளிதில் வாராது. தோலுக்கு உள்ளே என்றால் சிகிச்சை, தோலுக்கு வெளியே என்றால் நலத்திட்ட உதவி! மருத்துவ நூலில் இத்தகைய எல்லைக்கோடு இருப்பதாக நாம் அறியோம். கணக்கு எழுதும் வசதிக்காகக் கிழிக்கப்பட்ட கோடு அது.

பணம் கட்டி எடுக்கும் தனியார் காப்பீட்டிலும் நிலைமை இதுவே. பாலிசியில் தனியே சொல்லப்பட்டிருந்தாலன்றி நிறுவனம் கொடுக்கவேண்டாத செலவுகள் என்று 68 இனங்களைக் கொண்ட பட்டியல் ஒன்றைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ளது. அதில் அழகுப் பராமரிப்புச் செலவு உண்டு, சலவைக் கூலி உண்டு, தொலைபேசிக் கட்டணம் உண்டு. அவற்றோடு, நடப்பதற்கு உதவும் சாதனங்களும் உண்டு! கால் ஒடிந்தவனின் ஊன்றுகோலையும், படுக்கையில் இருந்துகொண்டு பேசிய தொலைபேசிக்கான கட்டணத்தையும் ஒரே தராசில் வைத்தவர்களின் மனநிலையை என்னென்பது?

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் நம் குடியிருப்புகளில் அது பலருக்குத் தெரியாது. பிறவியிலேயே செவித்திறன் இல்லாத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் என்னும் கருவியை உட்செவியில் பொருத்தும் அறுவை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். மத்திய அரசின் துணைக்கருவித் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. ஒரு கருவிக்குப் பல லட்சம் ரூபாய் அதில் ஒதுக்கப்படுகிறது. கூலி வேலை செய்யும் பெற்றோர் கனவிலும் எட்டமுடியாத தொகை இது. இது இலவசமாகக் கிடைப்பது பெரும் பேறு.

ஆயின் இதற்கு வயது வரம்பு உண்டு. பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு ஐந்து அல்லது ஆறு வயதுக்குள் இது நடந்துவிடவேண்டும். இவ்வரம்பை மனம்போன போக்கில் வைத்துவிடவில்லை. குழந்தையின் மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் பருவம் அந்த முதல் சில ஆண்டுகளே. அப்பருவத்தில் ஒலியே புகாவிட்டால், பிற்பாடு ஒலி வந்தாலும் அதனைச் சொல்லாகப் பிரித்தறிய மூளை எளிதில் பழகுவதில்லை. எனவே ஓராண்டிலோ ஈராண்டிலோ செய்தால் மிகச் சிறந்தது. தள்ளத் தள்ளப் பயன் குறையும்.

இங்கேதான் ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு சங்கடம். குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்த பின்னரே அழைத்து வருகின்றனர். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்காத பிள்ளையை எங்கள் ஆசிரியை அடையாளம் கண்டு, வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் சொல்லி, மருத்துவமனைக்கு அனுப்பி, சோதனை முடிந்து சான்று வருவதற்குள் ஆறு வயது தாண்டிவிடுகிறது. அதாவது பள்ளியின் கண்ணில் படும் நேரத்தில் காப்பீட்டின் கதவு மூடிக்கொள்கிறது. அப்படியானால் முன்னமே பார்க்கவேண்டியவர் யார்? தாயும், பாட்டியும், அங்கன்வாடிப் பணியாளரும், கிராம சுகாதார செவிலியருமே. 'அப்பன்கூட மூணு வயசுலதான் பேசினான், இவனும் பேசுவான்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பதை விட்டொழிக்க வேண்டும். பின்னால் நின்று கைதட்டினால் ஒரு வயதுக் குழந்தை திரும்பவில்லையெனில், மறுநாளே அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகவேண்டும். மாமன் மகளை, அத்தை மகனை மணக்கும் குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை மிகுதி என்பது மருத்துவர்கள் பன்முறை எடுத்துரைத்த உண்மை. உறவு விட்டுப் போகக்கூடாது என்று மணம் பேசும் பெரியோர்கள் இதனையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

கருவி பொருத்தியவுடன் குழந்தை பேசிவிடும் என்பதும் தவறான எண்ணம். உள்ளே வைத்த பகுதி ஒன்று. காதின் பின்னே வெளியில் மாட்டும் பகுதி மற்றொன்று. வெளிப்பகுதிக்கு மின்கலம் வேண்டும், கம்பிச் சுருள் வேண்டும், ஈரம் புகாமல் காக்க வேண்டும், அடிக்கடி ஒலி அளவைச் சரிசெய்ய வேண்டும். செவிவழிப் பேச்சுப் பயிற்சி நீண்ட காலம் நடக்க வேண்டும். பயிற்சி நடப்பது பெரும்பாலும் மாவட்டத் தலைநகரில். போய்வர ஒரு நாள் கூலி போய்விடும், பேருந்துக் கட்டணம் வேறு. பல லட்ச ரூபாய்க் கருவி, சில ஆயிரம் ரூபாய்க் கம்பி அறுந்தமையால் பெட்டிக்குள் கிடக்கும் வீடுகள் உண்டு. கொடுப்பதைப் பெரிதாகக் கொண்டாடும் நாடு, பழுது பார்ப்பதற்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறது. வயது கடந்துவிட்ட பிள்ளைகளின் பெற்றோர்க்கும் ஒரு சொல்: அக்குழந்தைகளின் எதிர்காலம் போய்விட்டதென்று அழவேண்டா. காதொலிக் கருவி பயன்படுமாயின் அதனைப் பெறலாம். பயன்படாதாயின் சைகை மொழியில் படிக்கும் சிறப்புப் பள்ளிகள் உள்ளன. சைகை மொழியும் ஒரு முழு மொழியே.

மற்றத் துணைக்கருவிகளுக்கு வருவோம். இவை காப்பீட்டின் வழியாக வாராமல் வேறொரு வாயிலின் வழியே வருகின்றன. 1981-இல், மாற்றுத் திறனாளிகளுக்கான சர்வதேச ஆண்டில், மத்திய அரசு தொடங்கிய துணைக்கருவித் திட்டம் அவ்வாயில். சுருக்கமாக 'அடிப்' திட்டம் என்பர். 1972-இல் கான்பூரில் நிறுவப்பட்ட 'அலிம்கோ' என்னும் அரசு நிறுவனம் கருவிகளைச் செய்து தருகிறது. நம் மாநிலத்தில் மாற்றுத் திறனாளிகள் நலத்துறை தனியே கருவிகள் வழங்குகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அதற்கென்று மாவட்ட அலுவலர் இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வட்டார வள மையத்தின் வழியே மதிப்பீட்டு முகாம் நடக்கிறது. கண் பார்வைக் குறைவுக்குக் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் மூக்குக் கண்ணாடி தருகின்றனர். மூக்குக் கண்ணாடியும் ஒரு துணைக்கருவியே. அதை அணிந்த எவரையும் நாம் ஊனமுற்றவர் என்பதில்லை. கரும்பலகையைப் படிக்கிறார், அவ்வளவே. மற்றக் கருவிகளையும் இவ்வாறே பார்க்கப் பழகும் காலம் வரவேண்டும்.

இரண்டு வாயில்களுக்கும் வேறுபாடு யாது? காப்பீட்டில் நோயாளி அட்டையை நீட்டினால் சிகிச்சை தொடங்கும். நலத்திட்ட வாயிலிலோ, முதலில் மருத்துவக் குழுவின் சான்று, அதில் 40 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனம், பிறகு தனித்துவ அடையாள அட்டை, வருமானச் சான்று, பிறகு முகாம், அளவெடுப்பு, பிறகு வழங்கும் விழா. விழாவுக்கு வருகை தரும் பெரியவரின் நாள் ஒத்துவரவில்லையெனில், செய்து முடித்த சக்கர நாற்காலிகள் பாலித்தீன் உறையோடு கிடங்கில் காத்திருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பிலேதான் முழங்கால் மடங்கிப் போகிறது, பிள்ளை பஞ்சாலைக்குப் போகிறது.

மேலும், அடிப் திட்டத்தில் ஒரே வகைக் கருவியைப் பெரியவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறையே பெறலாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஓராண்டு இடைவெளியில் பெறலாம். குழந்தைகளுக்கு இச்சலுகை இருப்பது பல பெற்றோர்க்குத் தெரியாது. வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டுக் காலிப்பர் இவ்வாண்டு குட்டையாகிவிடும். வலிக்கிறதென்று கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, தவழ்ந்தே பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இருக்கின்றனர். திரும்பவும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

செயற்கைக் காலைப் பற்றி ஒரு செய்தி. 1968-இல் செய்ப்பூரில் உருவான காலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதற்கு முன்பு மருத்துவமனைகளில் கொடுத்த பாதம் மேல்நாட்டு முறையில் அமைந்தது. அது காலணிக்குள் அடங்குவதற்கென்று செய்யப்பட்டது. நம் நாட்டு உழவர் அதை மாட்டிக்கொண்டு குந்த முடியவில்லை, சம்மணமிட முடியவில்லை, சேற்று வயலில் இறங்க முடியவில்லை. ஆகவே வாங்கிச் சென்றவர்கள் அதை மூலையில் சாய்த்துவிட்டு மீண்டும் அக்குள் கட்டையையே எடுத்தனர். இராமச்சந்திர சர்மா என்ற, அதிகம் படித்திராத கைவினைக் கலைஞர் இதனைக் கூர்ந்து கவனித்து, டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து ரப்பரால் பாதம் வார்த்தார். வெறுங்காலோடு நடக்கலாம், தண்ணீரில் நனையலாம், குந்தலாம். டாக்டர் சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. கைவினைஞரின் பெயரை அறிந்தோர் குறைவு. கையால் உழைப்பவனுக்கும் பட்டம் பெற்றவனுக்கும் இந்த நாடு புகழை எவ்வாறு பங்கிடுகிறது என்பதை நம் சமுதாயத்திற்கு நாம் சொல்லிக் காட்டவேண்டியதில்லை.

இதை ஏன் சொல்கிறோமென்றால், கருவி என்பது கடையில் எடுத்துக் கொடுக்கும் பொருளன்று. அறுத்த கால் முதல் சில மாதங்களில் சுருங்கும், முதலில் பொருத்திய கிண்ணம் தளர்ந்துபோகும், மாற்றியமைக்க வேண்டும். வரப்பில் நடப்பவருக்கும் அலுவலகத்தில் அமர்பவருக்கும் ஒரே கால் பொருந்தாது. அளவு, பொருத்துதல், நடைப்பயிற்சி, பழுது, மாற்று என ஐந்தும் சேர்ந்தால்தான் அது சிகிச்சை. நம் வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இதனைத் தம் உடம்பிலேயே உணர்ந்தவர். 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் அமையக் காரணமாயிருந்தார். அந்தச் சக்கர நாற்காலியை அவருடைய சிகிச்சையின் பகுதி என்பதா, இலவச உதவி என்பதா?

பிற நாடுகள் இதை எவ்வாறு பார்த்தன? இங்கிலாந்தில் 1948 ஜூலை 5-இல் தேசிய மருத்துவப் பணி தொடங்கியபோது, காதொலிக் கருவியும், மூக்குக் கண்ணாடியும், பல் தொகுதியும், செயற்கை உறுப்பும் அதற்குள்ளேயே வைக்கப்பட்டன. அதனை உருவாக்கிய அமைச்சர் அன்யூரின் பெவன், பதின்மூன்றாம் வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்கு இறங்கியவர். 1951-இல் ஆயுதச் செலவுக்குப் பணம் வேண்டி, பல் தொகுதிக்கும் கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களிடம் வாங்க அரசு முடிவு செய்தபோது, அவர் அமைச்சர் பதவியையே துறந்தார். மூக்குக் கண்ணாடிக்காகப் பதவி துறந்த அமைச்சர்! அவ்வளவு வளம் படைத்த நாடு நாமல்லோம் என்பர் சிலர். தாய்லாந்து செல்வ நாடன்று; அங்கு 2002-இல் எல்லோர்க்கும் மருத்துவம் என்று சட்டம் செய்தபோது மறுவாழ்வுச் சிகிச்சையையும் துணைக்கருவிகளையும் அதற்குள் சேர்த்தனர். செல்வம் மிகுந்த அமெரிக்காவிலோ, முதியோர்க்கான மெடிகேர் காப்பீட்டுச் சட்டம் 1965-இலேயே காதொலிக் கருவியை விலக்கிவைத்தது. ஆகவே இது பணத்தைப் பொறுத்தது மட்டுமன்று. எதனைச் சிகிச்சை என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 250 கோடிப் பேருக்கு ஏதேனும் ஒரு துணைக்கருவி வேண்டும். அவர்களுள் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்கு அது கிட்டவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இதில் பின்தங்கியிருக்கவில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 41-ஆவது உறுப்பு, முதுமை, நோய், உடற்குறை ஆகியவற்றில் அரசின் உதவியைப் பெறும் உரிமையைப் பேசுகிறது. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் தலைமை ஏற்ற குழு வரைந்த சட்டமன்றோ அது! 1942 முதல் 1946 வரை அவர் தொழிலாளர் துறையைப் பொறுப்பேற்றிருந்த காலத்தில்தான், தொழிலாளர் நோய்க் காப்பீட்டுக்கான திட்டத்தைப் பேராசிரியர் அடார்கர் வகுத்துக் கொடுத்தார். 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில், காப்பீடு பெற்ற தொழிலாளிக்குச் செயற்கை உறுப்பு மருத்துவ உரிமையின் பகுதியாகவே கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். காப்பீடு காலைத் தரமுடியாது என்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே விடை இருக்கிறது. ஆனால் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் அவ்வுரிமை, வயலில் கூலி வேலை செய்யும் நம் மக்களுக்கும், சித்தாளுக்கும், நாள்கூலிக்குத் துப்புரவு செய்வோர்க்கும் எட்டுவதில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 24-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். வருமான வரம்புக்குட்பட்டோர்க்குத் துணைக்கருவிகளை இலவசமாகத் தருவதும், வேறு காப்பீடு இல்லாத மாற்றுத் திறனாளிகளுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் அமைப்பதும் ஒரே பிரிவிலேயே சொல்லப்பட்டுள்ளன. சட்டம் அவ்விரண்டையும் அருகருகே வைத்துவிட்டது. இணைத்து நடத்துவதே எஞ்சியுள்ளது.

நம் மக்களுக்கு இது ஏன் கூடுதலாகப் பொருந்துகிறது? 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடிப் பேர்; மக்கள் தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் இனத்தவரிடையே அது 2.45 விழுக்காடு. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஆபத்தான வேலை யாருக்கு, சாலையோரக் குடிசை யாருடையது, பேறு காலத்தில் ஊட்டமின்மை யாருக்கு என்று கேட்டால் அந்தச் சிறிய எண் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். செல்வர் வீட்டில் ஒருவர் கால் இழந்தால் கார் இருக்கிறது, வீட்டிலிருந்து செய்யத்தக்க தொழில் இருக்கிறது. உடலே முதலாக வாழும் வீட்டில் கால் போனால் எல்லாம் போகிறது. அத்துடன் சாதியால் ஒதுக்கப்பட்ட தெருவில் சக்கர நாற்காலி உருளத்தக்க சாலையும் இருப்பதில்லை.

இனிக் கழகத்தின் பணிக்கு வருவோம். அரசிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: கால் அகற்றும் அறுவைக்குக் கொடுக்கும் பேக்கேஜிலேயே, முதற் செயற்கைக் காலையும் மூன்று மாத நடைப்பயிற்சியையும் சேர்த்துவிடுங்கள், கால் எடுத்த மருத்துவமனையே கால் கொடுக்கும் இடத்துக்கும் அனுப்பி வைக்கட்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நம் இளைஞர்கள் அங்கே சென்று இதனைத் தீர்மானமாக எழுதச் சொல்லவேண்டும். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மனுவுக்கு விடை வாராவிட்டால் மறு மனு. மனு எழுதத்தானே கழகம் உங்களுக்கு எழுத்தறிவித்தது!

அதுவரையில் காத்திருக்க வேண்டாத வேலைகளும் உண்டு. நம் தெருவில் எவருக்கேனும் கால் அகற்றப்பட்டால், அவர் வீடு வந்த முதல் வாரத்திலேயே இரண்டு இளைஞர்கள் போகவேண்டும். முழங்காலின் கீழ்த் தலையணை வைக்கக்கூடாது, மடக்கியே உட்காரக்கூடாது, மருத்துவர் சொன்னவாறு துணிப்பட்டை கட்டவேண்டும், நாள்தோறும் நீட்டி மடக்கவேண்டும் என்பவற்றைச் சொல்லவேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. அதில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கவேண்டும். அடையாள அட்டை வாங்க மருத்துவக் குழு கூடும் நாளுக்கு உடன் செல்லவேண்டும். தனியே போனவர் தாள் ஒன்று குறைந்து திரும்பி வருவதே வழக்கமாகிவிட்டது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, மருத்துவமனைத் தாள், நிழற்படம் ஆகியவற்றை இரண்டிரண்டு படிகள் எடுத்து ஓர் உறையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்குக் கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. செயற்கை உறுப்புகளை அங்கேயே செய்து பொருத்துகின்றனர்.

பழுது பார்ப்பதற்கு நம்மிடமே ஆள் இருக்கின்றனர். மூன்று சக்கர வண்டியின் சங்கிலியை மிதிவண்டிக் கடைக்காரர் மாட்டுவார். காலிப்பரின் தோல் வாரை நம் தோல் தொழிலாளர்களைவிட நன்றாகத் தைப்பவர் யார்? கழகக் கட்டடத்தில் மாதத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென ஒதுக்கலாம் என்று செயலாளரிடம் பேசியிருக்கிறோம்; அவரும் இசைந்துள்ளார். செயற்கைக் காலின் கிண்ணத்தையும் காதொலிக் கருவியையும் மட்டும் நாமே திறக்கக்கூடாது. அவை தேர்ந்தவர் கைக்கே போகவேண்டும்.

வாயிலருகே மேசைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கப்பட்டுள்ளது. இரண்டு ஆசிரியைகள் அங்கே இருப்பார்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கருவி வேண்டுவோர் இருந்தால், பெயர், வயது, என்ன குறை, அட்டை உண்டா இல்லையா என்ற நான்கையும் சொல்லிவிட்டுப் போங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெயரைத் தனிப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம். அவர்களை வருகிற புதன்கிழமையே அழைத்துச் செல்கிறோம்.